புதையலில் வைக்க ஒரு கல், ஒரு நம்பிக்கை

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, மேசையைச் சுற்றி அமர்ந்து கதையாக ஆடும் மேசைக் கதாபாத்திர விளையாட்டை நடத்துபவர்கள், புதிய மந்திரப் பொருளை யோசித்து உருவாக்குவதற்குப் பதிலாக, புதையலில் ஒரு ரத்தினக் கல்லை வைத்து, அதைப் பற்றிய பழைய நம்பிக்கையையே ஒரே முறை பயன்படும் ஆற்றலாகக் கொடுத்துவிடலாம். ஊதா நிற அமெதிஸ்ட் போதையைத் தடுக்கும் என்று பண்டைய கிரேக்கர்கள் நம்பினர். ஆகவே விருந்தில் மயக்க மருந்து கலந்த கோப்பை சுற்றி வரும்போது, அக்கல்லை அணிந்திருப்பவர் மட்டும் தெளிவாக இருப்பார். கரும்பச்சையில் சிவப்புப் புள்ளிகள் கொண்ட பிளட்ஸ்டோன் குருதிப்போக்கை நிறுத்தட்டும்.

நம்பிக்கை முன்பே இருப்பதால் விதி எழுதும் வேலை பெருமளவு மிச்சமாகிறது. ஒரு முறையோடு தீர்ந்துவிடுவதால் ஆட்டத்தின் சமநிலையும் குலைவதில்லை. இவ்வகை விளையாட்டுகளில் ஒன்றான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5-ஆம் பதிப்பில் மட்டும் வைரத்தைத் தவிர்த்துவிடுங்கள்: இறந்தவரை மீட்கும் ‘ரிவிவிஃபை’ மந்திரத்துக்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் தேவைப்படுவதால், அதை வேறெதற்கும் செலவழிக்க எந்தக் குழுவுக்கும் மனம் வராது.