எம்டன் குண்டைத் தேடி ஒரு நடை

சின்ன வயதில் என் சேட்டை தாங்காமல் பாட்டி "சரியான எம்டன்டா நீ" என்பார். அது முதல் உலகப் போரில் சென்னையைத் தாக்கிய ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்று தெரிந்த நாளில் தொற்றிய பைத்தியம் இது. உங்களுக்கும் தொற்ற வேண்டுமானால், வழி சொல்கிறேன்.

முதலில் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை. தலைமைச் செயலகமும் அதே வளாகத்தில்தான், வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டையை மறக்காதீர்கள். பீரங்கி, வாள் பக்கம் போனால் அரை நாள் ஓடிவிடும். நேராக எம்டன் வீசிய குண்டின் துண்டைத் தேடுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, கேப்டன் கார்ல் ஃபோன் முல்லர் சுமார் 130 குண்டுகளைச் சுட்டார். துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன.

அப்புறம் வடக்கே நடந்து உயர்நீதிமன்றத்துக்கு வாருங்கள். கிழக்குச் சுற்றுச்சுவரில் அந்தத் தாக்குதலின் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. முதல் தடவை நான் எதிர் நடைபாதையில் போய் அதைத் தவறவிட்டேன். சுவரை ஒட்டியே, மெதுவாக நடங்கள். காலை வெயில் நேராகச் சுவரில் விழும்போது எழுத்து பளிச்சென்று தெரியும்.

கல்வெட்டைப் படித்ததும் கிளம்பிவிடாதீர்கள். திரும்பி நின்று துறைமுகப் பக்கம் பாருங்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கண்ணாலேயே அளக்கலாம். எனக்கு இதுதான் பிடித்த இடம். கூட வந்த தம்பிக்குப் பாரிமுனை டீக்கடைதான் பிடித்தது.