டை வெட்டும் முன் கணினியில் ஒரு டிரையல்

வியாசர்பாடியில் எங்கள் பட்டறையில் இருப்பது ஒரே ஒரு 100 டன் பிரஸ். தட்டையான தகட்டைக் கப்பாக அழுத்தி இழுக்கிற டையை (அச்சு) வெட்டி, டிரையல் அடித்து, கப் கிழிந்த பிறகு டையின் விளிம்பு வளைவை, அதாவது ரேடியஸை, தேய்த்துக்கொண்டே இருப்பது அலுத்துப்போய்த்தான் சிமுலேஷன், அதாவது கணினியிலேயே டிரையல் பார்க்கும் பக்கம் வந்தேன்.

நான் பயன்படுத்துவது ஓப்பன்ரேடியாஸ் என்கிற சிமுலேஷன் மென்பொருள். ஆல்டேர் நிறுவனம் 2022-ல் இலவசமாகத் திறந்துவிட்டது. தகடு வேலைக்கென்றே காசுக்கு விற்கிற ஆட்டோஃபார்ம் சொகுசுதான், ஆனால் மாதம் ஒரு டை வெட்டுகிறவருக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. மெஷ் போட (உருவத்தை எலிமென்ட் என்கிற சின்னத் துண்டுகளாகப் பிரிக்க) ஜிமெஷ், முடிவைப் பார்க்க பாராவியூ.

1. உருண்டை கப் என்றால் கால் பாகம் வரைந்தால் போதும். என் கணக்கு: பிளாங்க் (வெட்டி எடுத்த வட்டத் தகடு) விட்டம் 100 மி.மீ., அதை டைக்குள் தள்ளும் பஞ்ச்சின் விட்டம் 56, தகட்டின் தடிமன் 1.2. பஞ்ச், டை, தகட்டின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கும் ஹோல்டர் மூன்றும் ரிஜிட் (வளையாதவை), பிளாங்க் மட்டும் ஷெல் (வளையும் மெல்லிய தகடு). டை ரேடியஸின் வளைவில் ஐந்து எலிமென்ட்டாவது விழ வேண்டும்.

2. மெட்டீரியல். இங்கேதான் இரண்டு வாரம் போனது. பிரஸ்ஸில் நன்றாக வந்த கப், திரையில் மட்டும் அடி ரேடியஸில் கிழிந்துகொண்டே இருந்தது. உராய்வை மாற்றினேன், ஹோல்டர் அழுத்தத்தைக் குறைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. தப்பு, தகட்டுத் துண்டை இழுத்துச் சோதித்த லேப் ரிப்போர்ட்டை அப்படியே உள்ளிட்டதில். இழுக்க இழுக்கத் துண்டு மெலிகிறது, ரிப்போர்ட்டோ பழைய குறுக்களவாலேயே வகுக்கிறது. மென்பொருளுக்கு உண்மைத் தகைவு, அதாவது விசையை அந்தந்த நேரத்துக் குறுக்களவால் வகுத்தது, வேண்டும். ரிப்போர்ட்டில் 20% நீட்சிக்குத் தகைவு 340 எம்.பி.ஏ. (மெகாபாஸ்கல்) என்றால், 340 × 1.2 = 408. உண்மை நீட்சி என்பது 1.2-ன் இயல் மடக்கை, அதாவது 0.182. அதில் விசையை விட்டதும் திரும்பிவிடும் மீள்பகுதியைக் கழித்தால் (408 ÷ 210000, இது எஃகின் மீள்குணகம்) 0.180. 408, 0.180 என்கிற இந்த ஜோடியைத்தான் கொடுக்க வேண்டும். துண்டில் கழுத்து விழுந்த (ஒரே இடத்தில் ஒடுங்கத் தொடங்கிய) பிறகு உள்ள புள்ளிகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது, தூக்கிப் போடுங்கள்.

3. உராய்வு 0.1, பஞ்ச் வேகம் நொடிக்கு 2 மீட்டர். நிஜ பிரஸ் வேகத்தைக் கொடுத்தால் பொங்கல் வரை ஓடும். வேகத்தைக் கூட்டியது முடிவைக் கெடுக்காமல் இருக்க, இயக்க ஆற்றல், தகட்டை உருமாற்றுவதில் சேரும் உள் ஆற்றலில் 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்புறம், யு.பி.எஸ். இல்லாமல் ராத்திரி ஓட விடாதீர்கள்.

4. தடிமன் படத்தைத் திறங்கள். 20 சதவீதத்துக்கு மேல் மெலிந்த இடம் இருந்தால் நான் டை வெட்டுவதில்லை.

பிற்சேர்க்கை: திருவொற்றியூரிலிருந்து ஒருவர், "சார், கணக்கு உடனே முடிந்துவிடுகிறது, தகடு உள்ளே இழுபடவே இல்லை" என்று கேட்டிருந்தார். எஃகின் அடர்த்திக்கு, கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்கிற அளவில், 7850 போட்டிருக்கிறார். மி.மீ., டன், நொடி அளவில் அது 0.00000000785. புள்ளிக்குப் பின் எட்டு சுழி, விரல் வைத்து எண்ணிவிட்டு அடியுங்கள்.