டிசைனரின் பழைய வேலையை இரண்டு மாரி கழிந்த பிறகு பாருங்கள்

மட்டக்களப்புக் கல்லடியில் அண்ணா கட்டிய வீட்டுக்குக் குசினி, அலுமாரி, சீலிங் எல்லாம் செய்விக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. டிசைனர் அனுப்பிய படங்களைக் கனடாவிலிருந்து பார்த்துவிட்டு, "வடிவா இருக்கு, குடு" என்கிறார் அண்ணா. படம் வடிவாகத்தான் இருக்கும். அது டிசைனர் செய்த வேலைதானா என்பதுதான் கேள்வி. "இந்த வீடு எந்த ஊர்?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள். ஏறாவூர், களுவாஞ்சிக்குடி என்று ஊரும் தெருவும் வந்தால் சரி. "அது கொழும்புப் பக்கம்" என்று இழுத்தால் அந்தப் படத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அப்புறம் வேலை செய்வித்தவர்களின் நம்பர் கேளுங்கள். யாருடைய நம்பர் என்பதை அவர் தீர்மானிக்க விடாதீர்கள். இப்போது வேலை நடக்கிற வீடு ஒன்று, கிட்டடியில் முடிந்தது ஒன்று, இரண்டு மாரியாவது கண்ட வீடு ஒன்று. எடுத்தவுடன் "டிசைனர் உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டுவிடுங்கள். எங்கள் பக்கத்தில் விசாரித்துக்கொண்டு போனால் யாரும் யாருக்காவது மச்சான்தான். அதில் பிழையில்லை, ஆனால் மச்சான் சொல்லும் புகழில் பாதியைக் கழித்துவிட வேண்டும்.

"வேலை எப்படி?" என்று கேட்டால் "நல்லம்" என்பார்கள், அதோடு கதை முடிந்துவிடும். முதலில் சொன்ன தொகை எவ்வளவு, கடைசியில் கொடுத்தது எவ்வளவு, கூடினது எதற்கு என்று கேளுங்கள். வேலை முடிந்த பிறகு அலுமாரியில் இழுக்கிற லாச்சி ஒன்று இறுகி, கோல் எடுத்தபோது ஆள் வந்தாரா, அல்லது "மறுகா வாறன்" என்று நாளைக் கடத்தினாரா? இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பேன்.

பழைய வீட்டுக்கு நேரில் போங்கள். வீட்டுக்காரி தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் நீங்களும் குசினிக்குள் போய், அனுமதி கேட்டு, சிங்குக்குக் கீழே இருக்கும் கபட்டைத் திறவுங்கள். மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகையின் வெட்டு விளிம்பைச் சரியாக மூடாமல் விட்டிருந்தால், தண்ணீர் இறங்கி அடிப்பக்கம் ஊதிப்போயிருக்கும். விரலால் தடவினாலே மேடு தெரியும். முகப்பலகை அப்போதும் பளபளவென்றுதான் இருக்கும், படத்தில் வந்ததும் அதுதான். அடுத்தது கபட் கதவின் பிணைச்சல். கல்லடி போல ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள இடத்தில் உப்புக் காற்று மலிவான இரும்பைச் சும்மா விடாது. திருகாணித் தலையைச் சுற்றிச் செம்மஞ்சள் கறை இருக்கிறதா என்று ஃபோன் லைட்டை அடித்துப் பாருங்கள். சீலிங்கின் மூலையில் ஈரக் கறை இருந்தால், அது கூரையின் குற்றமா, டிசைனரின் குற்றமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாப் பழியையும் அவர் தலையில் போடவும் கூடாது.

வேலை நடக்கிற வீட்டுக்கு டிசைனர் இல்லாத நேரத்தில், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே மரவேலை செய்கிற ஓடாவியிடம் கூலி ஒழுங்காக வருகிறதா என்று கதையோடு கதையாகக் கேளுங்கள். கூலி நிலுவையில் நின்றால் ஓடாவி அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார், உங்கள் பலகை போர்ட்டிகோவில் கிடக்கும்.

இதெல்லாம் முடியும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். "பலகை விலை நாளைக்குக் கூடுது" என்று அவசரப்படுத்தினால், ஹாட்வெயார் கடைக்கு நீங்களே ஒரு கோல் எடுத்து விலையைக் கேளுங்கள்.