தோட்டப் பள்ளிக்குப் பெட்டி அனுப்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் நம் இளைஞர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். இலங்கை மலையகத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்குப் பத்து ராஸ்பெரி பை, அதாவது உள்ளங்கை அளவுச் சிறு கணினிகள். அவற்றின் மெமரி கார்டுகளில் எல்லாவற்றையும் இவர்களே ஏற்றி, கடவுச்சொல்லும் இவர்களே வைத்து, டேப் ஒட்டியாயிற்று. சில வருடங்களுக்கு முன் நாங்களும் இதையேதான் செய்தோம். கூடுதல் வயர் எடுப்பது போன்றவை உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பது

நாங்கள் முதலில் அனுப்பியபோது இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து, இணையம் இல்லாமலே ஓடும் கோலிப்ரி என்ற பாட மென்பொருளை ஏற்றினோம். இணையம் இல்லாமல் விக்கிப்பீடியா படிக்க உதவும் கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியாவையும் போட்டோம். காலையில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

அடுத்த வருடம் போனபோது ஒரு மானிட்டர் கறுப்பாக நின்றது. மற்ற ஒன்பதும் இரும்பு அலமாரியில், நாங்கள் சுற்றிய பிளாஸ்டிக்கோடு அப்படியே இருந்தன.

நடந்தது இதுதான். ராஸ்பெரி பை 4-இல் அணைக்கும் பொத்தான் கிடையாது. திரையில் ஷட் டவுன் கொடுத்துவிட்டுத்தான் பிளக்கைப் பிடுங்க வேண்டும். யாரோ நேராகப் பிடுங்கியதில் கார்டு கெட்டுப்போனது. கார்டில் மென்பொருளை மறுபடி எழுதினால் தீர்ந்தது. அதை நாங்கள் ஒருவருக்கும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒன்று போனதும் மற்றதைப் பூட்டிவிட்டார்கள்.

"ஸ்டாக் புத்தகத்துல நான்தானே கையெழுத்துப் போட்டேன் சேர். ஒடஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றார் அந்த டீச்சர். அவர் கேட்டது முழுக்க நியாயம். இங்கே கடையில் சல்லிசாகக் கிடைக்கும் ஒரு கார்டுக்காக ஒரு வருடம் அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

இப்போது கார்டுகளை எதுவும் ஏற்றாமல் காலியாகத்தான் கொண்டுபோகிறோம். முதல் நாளே டீச்சரும் இரண்டு மாணவர்களும் தங்கள் கையால் எழுதுகிறார்கள், கடவுச்சொல் வைக்கிறார்கள். அப்புறம் ஒரு கார்டை வேண்டுமென்றே கெடுத்துக் கொடுக்கிறோம். அவர்கள் சரி செய்து முடிக்கும்வரை நாங்கள் கை வைப்பதில்லை. உடைந்தால் பொறுப்பு எங்களுடையது என்று தலைமையாசிரியரிடம் எழுதியும் கொடுக்கிறோம். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அலமாரி திறக்காது.

போன் சார்ஜர்

வேண்டாம். 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் சார்ஜர் வாங்குங்கள். திரையின் ஓரத்தில் மஞ்சள் மின்னல் குறி வந்தால் மின்சாரம் போதவில்லை.

பிளக்

நமக்கு மூன்று தட்டைக் கால். அங்கே பழைய கட்டடங்களில் உருண்டைக் கால். படம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நம் பாடத்தை அங்கே ஏற்றுவது

நம் மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பயிற்சிகளை ஏற்றியிருந்தோம். ஒரு பிள்ளை கணக்கைப் படித்துவிட்டு, "ரிங்கிட்னா என்னங்க?" என்று கேட்டது. அங்கே வீட்டுக்கு வீடு கவலை ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைதான். இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூல்கள் பிடிஎஃப் ஆகவே கிடைக்கின்றன. முதலில் அவற்றை ஏற்றுங்கள். 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற மின்னூலகத்தில் மலையகத்தைப் பற்றியே நிறைய இருக்கிறது. தங்கள் ஊரைத் திரையில் பார்க்கும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்!

விசைப்பலகை

தமிழில் தட்ட முரசு அஞ்சல் விசைமுறை நமக்குப் பழக்கம். அங்கே டீச்சர் எதில் தட்டுகிறாரோ, அதையே வையுங்கள்.

மண்டபத்துப் பெட்டியை நேற்று பிரித்தாயிற்று. பத்துக் கார்டையும் அழித்து, கார்டு ரீடர் இரண்டும், கோப்புகள் நிறைந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றும் சேர்த்து மறுபடி கட்டியிருக்கிறார்கள்.