ஃபேஸ்புக்கில் அந்தக் கட்சி விளம்பரம் உங்களைத் தேடி வந்தது எப்படி?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் துணி எடுத்தால் பில்லுக்கு செல் நம்பர் கேட்பார்கள். அப்படிச் சேர்ந்த பட்டியலை ஒரு கடை ஃபேஸ்புக்கில் ஏற்றினால், அந்த நம்பர்களில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டலாம். அவர்களைப் போன்ற வேறு ஆட்களையும் ஃபேஸ்புக்கே தேடிக் கொடுக்கும். பாளையங்கோட்டையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போடவும் முடியும். துணி விற்கிற அதே வழியில்தான் கட்சிக்காரர்கள் ஓட்டும் கேட்கிறார்கள்.

விளம்பரத்தின் மேலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, 'இதை ஏன் பார்க்கிறேன்' என்பதைத் திறந்து பாருங்கள். வயதா, ஊரா, பட்டியலா என்று ஓரளவு தெரியும். முழுசாகச் சொல்ல மாட்டார்கள். ஒரு விளம்பரத்தை மறைத்தால் அது மட்டும்தான் போகும். செட்டிங்ஸில் உள்ள அக்கவுண்ட்ஸ் சென்டரில் ஆட் பிரிஃபரன்சஸுக்கு (விளம்பர விருப்பங்கள்) போய் அரசியல் தலைப்பைக் குறையுங்கள். லொகேஷனை அணைத்தாலும் ஐ.பி. முகவரியை (உங்கள் இணைய இணைப்பின் அடையாள எண்) வைத்து ஊரை ஊகித்துவிடுவார்கள்.

ராசி, குணம் சொல்லும் குவிஸ் பக்கமே போகாதீர்கள். 2018-ல் அம்பலமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில், ஃபேஸ்புக் தகவலை எடுக்கப் பயன்பட்ட குணப் பரிசோதனைச் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் வெறும் 335 பேர். நண்பர்கள் தொடர்பையும் சேர்த்துப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. செட்டிங்ஸில் 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்' திறந்து பழைய செயலிகளை நீக்குங்கள். முன்பே எடுத்துக்கொண்ட தகவல் இதனால் தானாக அழியாது. அதை அழிக்கச் சொல்லி அந்தச் செயலிக்காரருக்குத் தனியாக எழுத வேண்டும்.