பாம்புக்குச் செலவில்லாத ஒளிவிடம்

வளர்ப்புப் பாம்பு தொட்டியின் மூலையை மூக்கால் முட்டிக்கொண்டே இருக்கிறதா, இரையையும் மறுக்கிறதா? அது பதுங்கும் ஒளிவிடத்தைப் பாருங்கள். அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கலாம். சுருண்டு படுத்தால் உடம்பு சுவர்களில் உரச வேண்டும். அப்போதுதான் அதற்கு நிம்மதி.

எனக்குக் கைகொடுத்தது, வெளிச்சம் புகாத பிளாஸ்டிக் டப்பா. கவிழ்த்து, பக்கவாட்டில் வாசல் வெட்டினேன். வாசலின் அகலம், உடம்பின் பருத்த இடத்தைப்போல ஒன்றரை மடங்கு. இரை விழுங்கிய வயிறும் நுழைய வேண்டுமே. விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, விரலை ஓட்டிப் பாருங்கள். சின்னப் பிசிறுகூடத் தோலைக் கீறும். டேப் வேண்டவே வேண்டாம். பசை செதிலில் ஒட்டினால், இழுக்கும்போது தோலும் சேர்ந்து கிழியும். ஒளிவிடமாக வைக்கும் மண் பூந்தொட்டியின் அடித்துளையும் ஆபத்துதான்: தலை நுழையும், உடம்பு சிக்கும்.

இதேபோல் இரண்டு வேண்டும், வெப்பப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. குளிர்ந்த பக்கம் மட்டும் இருந்தால் பாம்பு மறைவுக்காக வெப்பத்தைத் துறந்துவிடும், செரிமானம் கெடும்.

சட்டை உரிக்குமுன் கண் பால்போல மங்கும். அப்போது மூடியில் வாசல் வெட்டிய இன்னொரு டப்பாவில் சட்டை எளிதாகக் கழல, ஈரத்தைத் தேக்கிவைக்கும் ஸ்பாக்னம் பாசியை நனைத்து வையுங்கள். பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகும்.