தேசிக்காயளவு என்றால் எவ்வளவு? பிள்ளைகளுக்காக அம்மாவின் கதைகளைப் பதிந்து வைப்பது எப்படி

என் கலியாண வீடியோ மூன்று மணித்தியாலம் ஓடும். அதில் அப்பாவின் குரல் ஒரேயொரு இடத்தில் கேட்கிறது: "தம்பி, இன்னொரு கிடாரம் சோறு வைக்கச் சொல்லு." கமெராக்காரர் பந்தலுக்குப் பின்னால் போனபோது தற்செயலாக விழுந்த குரல். அப்பா இப்போது இல்லை. கனடாவில், ஸ்காபரோவில் பிறந்த என் பிள்ளைகள் இருவருக்கும் அம்மப்பாவின் குரல் என்றால் அந்த ஆறு சொல்தான்.

அதனால் அம்மாவைப் பதியத் தொடங்கினேன். விடுமுறைக்குத் திருகோணமலை வந்து பதிவது இது நான்காவது தடவை. என்னைப்போலக் கலியாணம் கட்டி வெளிநாடு போனவர்களுக்கு உதவும் என்று, செய்து பழகியதை எழுதுகிறேன்.

முதலில், "உங்கட சின்ன வயசைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். "அதில என்ன பிள்ளை இருக்கு, கஷ்டப்பட்டம், படிச்சம்" என்று அம்மா எழும்பிப் போய்விட்டார். கையில் ஒரு பொருள் இருக்கும்போது கேளுங்கள். அடுத்த நாள் அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். "இந்தத் திருவலை ஆர் செய்து தந்தது?" என்றேன். இருபது நிமிஷம் கதைத்தார். செய்த ஆசாரி கூலிக்குப் பதிலாக நெல் கேட்டது, கலியாணமாகி வந்த புதிதில் மாமியார் சிரட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தது, அடிவரைக்கும் சுரண்டினால் பால் கறுக்கும் என்று சொன்னது. கதைக்குள் திருவும் சத்தமும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. எனக்கு அதுவும் கதைதான்.

பிள்ளைகளையே கேட்க விடுங்கள். நமக்குத் தெரிந்ததை நாம் கேட்கமாட்டோம். அம்மா கிண்ணியாவில் படிப்பித்தவர். தினமும் "பாதை"யில் போய்வந்தேன் என்று சொன்னபோது நான் தலையாட்டினேன். மகள்தான் கேட்டாள்: "பாதை எப்படி அம்மம்மா தண்ணியில போகும்?" பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கிற மிதவைக்குத்தான் எங்கள் பக்கம் பாதை என்று பேர். நான் கனடாவுக்கு வெளிக்கிட்டது 2009 தை மாதம். கிண்ணியாப் பாலம் திறந்தது அதே வருஷம் ஐப்பசியில். பாலத்தால் காரில் போய்வந்த என் பிள்ளைகளுக்குப் பாதை என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? பிந்தி வந்தால் வரிசையில் நின்றது, மழையில் கொப்பிகளைச் சீலைத் தலைப்பால் மூடியது எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பிறகு வந்தவை.

பதிவதற்கு ஃபோன் போதும். ஆனால் மேலே சுழலும் ஃபானை நிற்பாட்டுங்கள். முதல் வருஷம் பதிந்ததில் பாதி எனக்கு ஃபான் இரைச்சலாகவே கிடைத்தது. ஃபோனை, அழைப்பு வராதபடி, விமான நிலையில் (airplane mode) போட்டு, மடித்த துவாயின் மேல், கதைப்பவருக்கு ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். தொடங்கும்போதே திகதி, இடம், யார் கதைக்கிறார்கள் என்பதை வாயால் சொல்லுங்கள்; ஃபைலின் பெயர் மாறினாலும் குரல் மாறாது. கால் மணித்தியாலம் போதும். நடுவில் பாண் வண்டியின் பாட்டுக் கேட்டால் நிற்பாட்டவேண்டாம், விடுங்கள்.

சமையலுக்குத் தராசு வேண்டும். பாரைமீன் குழம்புக்கு "தேசிக்காயளவு பழப்புளி" என்று எழுதிக்கொண்டு போனேன். ஸ்காபரோ கடையில் தேசிக்காய் இங்கத்தையதைவிட இரண்டு மடங்கு. குழம்பு வாயில் வைக்க முடியாத புளிப்பு. இம்முறை அம்மா உருட்டியதை வாங்கித் தராசில் வைத்தேன்: 28 கிராம். அவருடைய ஒரு பிடி, ஒரு கிள்ளு எல்லாவற்றையும் இப்படி நிறுத்து எழுதுங்கள். அந்தக் கையையும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பழைய படங்கள் ஒட்டும் தாள் அல்பத்தில் இருந்தால், பசை படத்தைக் கெடுத்துவிடும். இழுத்துக் கிழிக்காமல், முதலில் அல்பத்தில் இருந்தபடியே ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். கழன்று வருபவற்றின் பின்பக்கத்தையும் எடுங்கள்; பெயர்கள் அங்கேதான் இருக்கும். நீங்கள் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் மெதுவாக எழுதுங்கள், பேனையால் வேண்டாம்.

90ஆம் ஆண்டுச் சண்டையைப் பற்றியும் 2004 மார்கழி 26 சுனாமியைப் பற்றியும் நான் கேட்பதில்லை. ஒருநாள் மண்பானை ஒன்றைப் பற்றிக் கேட்கப்போய், அது எந்த வீட்டில் விடுபட்டது என்ற இடத்தில் அம்மாவின் பேச்சு நின்றது. அவர் பார்க்க ஃபோனை நிற்பாட்டி, திருப்பி வைத்தேன். இரண்டு நாள் கழித்து, பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது, தானாகவே சொன்னார். "இதைப் பதியட்டோ?" என்று கேட்டேன். "வேண்டாம், நீ கேட்டுக்கொள்" என்றார். கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான்.

உங்களுடைய நாட்களையும் விட்டுவிடாதீர்கள். நான் போன முதல் பனிக்காலத்தில் செருப்போடு குப்பை போடப் போனதும், மாமி தன் சப்பாத்தை எனக்குத் தந்துவிட்டு வாசலில் நின்றதும் பிள்ளைகளுக்கு அம்மாவின் ஊர்க்கதைதான். ஞாயிறு இரவு ஐந்து நிமிஷம், ஒரு சம்பவம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், ஆவணமாக அனுப்புங்கள். மூன்று இடத்தில் வையுங்கள். என்னுடையது ஒன்று கணினியில், ஒன்று இணையச் சேமிப்பில். மூன்றாவது ஒரு பென்டிரைவ், திருகோணமலையில் தம்பி வீட்டு அலுமாரியில். வருஷத்துக்கொருமுறை அதைப் போட்டுத் திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒட்டிய துண்டில் மகள் தன் கோணல் தமிழில் "அம்மம்மா, பாதை, புளி 28" என்று எழுதியிருக்கிறாள்.